பழைய மஸ்டாங்குக்குப் பின் ஆக்சில்: 8.8 போதுமா, 9 இன்ச் வேண்டுமா?

1965 முதல் 1970 வரையிலான மஸ்டாங்கில் இன்ஜின் பவரைக் கூட்டியதும் எல்லோரும் அடுத்துத் தேடுவது ஃபோர்டு 9 இன்ச் ஆக்சிலைத்தான் (இந்த இன்ச் எண்கள் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தின் விட்டம்). ரோட்டில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவைக்கு மீறிய செலவு. கிளட்சை விட்டதும் பின்பக்கம் தடதடவென்று குதித்தால் கோளாறு ஆக்சிலில் இல்லை. தளர்ந்துபோன லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு திரும்ப உதறுகிறது. அந்த ஸ்பிரிங்கோடு எந்த ஆக்சிலைப் போட்டாலும் குதிக்கத்தான் செய்யும்.

முதலில் வண்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆறு சிலிண்டர் வண்டி என்றால் பெரும்பாலும் 7.25 இன்ச், நாலு போல்ட் வீல். அதைத் திருத்துவதில் அர்த்தமே இல்லை, கழற்றிவிடுங்கள். சாதாரண 289 (கன அங்குல வி8 இன்ஜின்) வண்டியில் வந்த 8 இன்ச், 28 ஸ்ப்ளைன் (நுனியில் வெட்டிய பற்கள்) ஷாஃப்ட்டோடு, மிதமான இன்ஜினையும் ரோட்டு டயரையும் நன்றாகவே தாங்கும்.

அதற்கு மேல் போகிறவர்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு 1995–2001 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவியின் 8.8. 31 ஸ்ப்ளைன் ஷாஃப்ட், டிஸ்க் பிரேக், மஸ்டாங்குக்கு அப்படியே பொருந்தும் ஐந்து போல்ட் அமைப்பு, மூன்றும் சேர்ந்தே வருகின்றன. பழைய இரும்புக் கடையில் எடுக்கும்போது கவர் போல்ட்டில் தொங்கும் தகட்டைப் படியுங்கள். 3L73 என்று இருந்தால் 3.73 ரேஷியோ (வீல் ஒரு முறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 3.73 முறை சுற்றும்), லிமிடெட் ஸ்லிப் (ஒரு வீல் வழுக்கினாலும் மறு வீலுக்குப் பவர் கொடுக்கும் டிஃபரன்ஷியல்) உண்டு. நடுவில் L இல்லையென்றால் சாதாரண டிஃபரன்ஷியல். தகட்டை மட்டும் நம்பிவிட வேண்டாம். கழற்றிப் போட்டிருக்கும் ஆக்சிலில் ஒரு பக்க ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். மறுபக்கமும் அதே திசையில் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப்புக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்டில் உயிர் இருக்கிறது. எதிர்த்திசையில் லேசாகச் சுற்றினால் பிளேட் தேய்ந்துவிட்டது, அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்து விலை பேசுங்கள்.

இதில் வேலையும் கொஞ்சம் இருக்கிறது. பினியன் (டிரைவ் ஷாஃப்ட்டோடு சேர்ந்து கிரவுனைச் சுற்றும் சிறு பல்சக்கரம்) நடுவில் இருக்காது. டிரைவர் பக்கக் குழாய் சுமார் 3 இன்ச் நீளம் கூடுதல். 1965–66 வண்டிக்கு அந்தக் குழாயை வெட்டிக் குறைத்து, இன்னொரு எக்ஸ்ப்ளோரரின் குட்டை ஷாஃப்ட்டையே அந்தப் பக்கமும் போடுவது வழக்கம். குழாய்கள் நடு வார்ப்போடு சில புள்ளிகளில்தான் வெல்ட் ஆகியிருக்கும். பிடிப்பான டயரில் வேகமாகக் கிளப்பினால் குழாய் வார்ப்புக்குள் திரும்பிவிடும். சுற்றிலும் வெல்ட் வைப்பது நல்லது, ஆனால் வார்ப்பைச் சூடாக்கி நிக்கல் ராடில் வைக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். 3.25 இன்ச் குழாய்க்குப் பழைய யு போல்ட் நுழையாது. புதிதாகவே வாங்குங்கள். பினியன் ஃபிளாஞ்சுக்கு ஏற்ற கிராஸ் ஜாயின்ட்டும், நீளம் சரிசெய்த டிரைவ் ஷாஃப்ட்டும் வேண்டும். டிரம் பிரேக்குக்காகப் போட்ட ரெசிடுவல் பிரஷர் வால்வு (கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் நிறுத்தி வைப்பது) பிரேக் லைனில் இருந்தால் எடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் பின் பேட் டிஸ்க்கைப் பிடித்தபடியே தேய்ந்து சூடேறும்.

8.8-இன் உண்மையான பலவீனம் சி-கிளிப், அதாவது ஷாஃப்ட்டை உள்ளே பூட்டி வைக்கும் சி வடிவ வளையம். ஷாஃப்ட் உடைந்தால் அதைப் பிடித்து வைக்க வேறு எதுவும் இல்லை, வீலோடு வெளியே வரப் பார்க்கும். சிலிக் (பள்ளமில்லாத ரேஸ்) டயர், மேனுவல் கியர்பாக்ஸ், டிராக் ஸ்ட்ரிப் (நேர்கோட்டு ரேஸ் தளம்) என்று இறங்குகிறவர்கள் இங்கேதான் 9 இன்ச்சுக்குப் போக வேண்டும். 1957 முதல் 1986 வரை தயாரான இதில் சி-கிளிப் கிடையாது, பினியன் நுனிக்கு மூன்றாவது பேரிங் உண்டு. நடுப்பகுதி முழுதாக முன்பக்கமாகக் கழன்று வருவதால் ரேஷியோ மாற்றுவது பெஞ்ச் வேலை. பினியன் கிரவுனின் மையத்துக்கு வெகு கீழே உட்காருவதால் பற்கள் அதிகம் உரசும், கொஞ்சம் பவர் சூடாகவே போய்விடும். எடையும் கூடுதல்.

ஸ்பிரிங்கில் எங்கள் தேர்வு நான்கரை இலை செட், கூடவே கால்ட்ராக்ஸ் என்ற இழுவைக் கம்பி செட். ஆக்சில் முறுக்கிச் சுழல முயலும்போது கால்ட்ராக்ஸின் குழாய் முன்னால் தள்ளி, ஸ்பிரிங்கின் முன்பாதியை மேலிருந்து அழுத்திவிடுகிறது. முறுக்கவே விடாது. இதே வேலைக்குப் போடும் பழைய ஸ்லாப்பர் பாரை விட இது பல மடங்கு மேல், குழியில் இறங்கும்போது டமால் சத்தமும் இல்லை. ரோட்டு வண்டிக்கு ப்ரீலோட் (முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம்) பூஜ்யத்தில் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் வண்டி ஒருபுறமாக இழுக்கும்.

காசு கொடுத்து வாங்க முடியாத விஷயம் பினியன் கோணம். ஸ்பிரிங் உட்காரும் பெர்ச்சை ஆக்சிலில் உடனே வெல்ட் வைக்கக் கூடாது. வண்டியின் முழு எடையும் ஸ்பிரிங்கில் உட்கார்ந்த பிறகு கியர்பாக்ஸ் அவுட்புட்டின் சரிவை அளந்து, அதற்கு இணையான நிலையிலிருந்து பினியன் மூக்கை 2 முதல் 3 டிகிரி கீழே இறக்கிப் புள்ளி வெல்ட் வையுங்கள். ஆக்சிலைக் கழற்றியபின் முழு வெல்ட்டைச் சிறு சிறு துண்டாக, பக்கம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரே மூச்சில் போட்டால் குழாய் வளைந்து, ஷாஃப்ட் சீல் ஒழுக ஆரம்பிக்கும். ஸ்பிரிங் முன்கண் போல்ட்டையும் வண்டி தரையில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். ஜாக்கில் தூக்கி வைத்து முறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

ரேஷியோவில் பேராசை வேண்டாம். 26 இன்ச் டயரோடு மணிக்கு 60 மைலில் 3.25 சுமார் 2,500 ஆர்பிஎம், 3.73 சுமார் 2,900. ஓவர்டிரைவ் இல்லாத கியர்பாக்ஸில் 4.10 போட்டால் நெடுஞ்சாலையில் காது வலிக்கும்.

செவ்ரோலெ செவெல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: காயில் ஸ்பிரிங், நாலு ஆர்ம் அமைப்பில் எல்லா முனையிலும் பாலியூரித்தேன் புஷ் போடாதீர்கள். மேல் ஆர்ம்கள் சாய்வாக இருப்பதால் புஷ் முறுக்க இடம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பின்பக்கம் வளைவில் இறுகிக்கொண்டு திடீரென்று பிடியை விடும்.

புது கிரவுன் பினியன் போட்டால் முதல் ஓட்டம் 20 நிமிடம் மிதமாக, பிறகு முழுதாக ஆறவிடுங்கள். 500 மைலில் ஆயிலை மாற்றுங்கள். கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப்புக்கு ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் (பிளேட் உரசலைச் சீராக்கும் ஆயில் சேர்க்கை) சேர்க்க வேண்டும். ட்ரூட்ராக் போன்ற கியர் வகைக்குச் சேர்க்கவே கூடாது.