போனாம்பாக் கூட்ரோட்டில் மூன்று மணி நேரம்: ஒரு மாயா ஊர் டூரில் ஏமாந்த கதை

மெக்சிகோவில் பலெங்கே பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால், டூர் கடையில் காசைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சுற்றுலாக்காரர்கள் அதிகம் போகாத, மாயா பழங்குடி மக்கள் வாழும் ஒரு ஊரில் ஒரு இரவு தங்கப் போனோம். அந்த ஒரு இரவுக்கு நாங்கள் இரண்டு முறை காசு கொடுத்தோம்.

ஊர் பெயர் லகன்ஹா சான்சயாப். சியாபாஸ் மாநிலத்தில், குவாத்தமாலா எல்லைக்குக் கிட்டத்தில், காட்டுக்குள் இருக்கிறது. லகந்தோன் மாயாக்களின் ஊர்களில் இதுதான் பெரியது. அவர்கள் தங்களை ஹாச் வினிக், அதாவது அசல் மனிதர்கள், என்று சொல்லிக்கொள்கிறார்கள். என் மனைவிக்கு ரொம்ப நாளாக இந்த ஊர் மேல் ஆசை.

பலெங்கே டவுனில் பஸ் நிலையத்திலிருந்து இறங்கி நடந்தால் இரண்டு பக்கமும் டூர் கடைகள்தான். ஒரு கடை வாசலில் லேமினேட் செய்த பெரிய படம் ஒன்று: வெள்ளை அங்கி, தோளுக்குக் கீழே தொங்கும் முடி, கையில் வில்லோடு ஆற்றோரம் நிற்கும் ஒரு பெரியவர். அதைப் பார்த்துத்தான் உள்ளே போனோம். இரண்டு பகல், ஒரு இரவு, தலைக்கு 2,900 பேசோ. யாஷ்சிலான், போனாம்பாக் என்ற இரண்டு பழைய மாயா நகர இடிபாடுகள், ஊரில் அறை, சாப்பாடு, காட்டுக்குள் நடக்க வழிகாட்டி, ராத்திரி தீ மூட்டி "பழைய மாயா பூஜை". எல்லாம் இதில் அடக்கம் என்று கடைக்காரன் விரல் விட்டு எண்ணிக் காட்டினான். கார்டு என்றால் 5 சதவீதம் கூட என்றதால் ரொக்கமாகக் கொடுத்தேன். முதல் தப்பு அது. ரசீதில் என் பெயர், இரண்டு பேர், காலை 6 மணி, தொகை, அவ்வளவுதான். கடை பெயர்கூட இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. நல்லவேளை, விலையை மற்ற கடைகளோடு ஒப்பிட அந்த வாசல் படத்தை போனில் எடுத்து வைத்திருந்தேன்.

காலையில் வந்தது வேறு யாருடைய வேனோ. கடைக்காரன் ஆள் பிடித்துக் கொடுப்பவன் மட்டும்தான். வண்டி ஓட்டுபவருக்கு நமக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதே தெரியாது. வழியில் டிபனுக்கு நிறுத்திய இடத்தில் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. 300 பேசோ. சரி, சின்ன விஷயம் என்று விட்டுவிட்டோம்.

யாஷ்சிலான் மட்டும் சொன்னபடி நடந்தது. பிரான்தெரா கொரொசாலில் படகு ஏறி உசுமசிந்தா ஆற்றில் போக வேண்டும். எதிர்க்கரை குவாத்தமாலா. இடிபாடுகளுக்குள் நுழைகிற வழியில் இருக்கும் இருட்டு அறைகளில் வௌவால், வெளியே மரத்தில் குரங்குகளின் உறுமல். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மதியத்துக்கு மேல் வேன் போனாம்பாக் கூட்ரோட்டில் நின்றது. இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1972-இல் மெக்சிகோ அரசு இந்தக் காட்டில் 6 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நிலத்தை 66 லகந்தோன் குடும்பங்களின் பெயரில் எழுதியது. போனாம்பாக் அவர்கள் நிலத்துக்குள் இருக்கிறது. கூட்ரோட்டுக்கு அப்பால் வெளி வண்டி போக முடியாது, ஊர்க்காரர்களின் வேனில்தான் மாறி ஏற வேண்டும். பலெங்கேயில் பலர் இதைக் கொள்ளை என்பார்கள். அவர்கள் இடம், அவர்கள் வண்டி, எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் இந்த ஏற்பாடு இருப்பதால்தான் பலெங்கே கடைக்காரனால் தன் கையில் இல்லாததை விற்க முடிகிறது.

கூட வந்தவர்கள் வேன் மாறிப் போனார்கள். "உங்களுக்கு நாளைக்கு. ஊரிலிருந்து ஆள் வரும்" என்று எங்கள் பைகளை இறக்கி வைத்துவிட்டார் டிரைவர். யாரும் வரவில்லை. போனில் சிக்னல் இல்லை. நடுவில் ஒரு மழை. மூன்று மணி நேரம் கழித்து போனாம்பாக் பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டம், நாங்கள் அதே திண்ணையில் நனைந்த பைகளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே வண்டி ஏறியது. அதில் ஒரு ஜோடி சொன்னதுதான் எரிகிற தீயில் எண்ணெய்: போனாம்பாக்கும் சேர்த்து ஒரு நாள் டூருக்கு அவர்கள் கொடுத்தது தலைக்கு 1,700.

கடைசியில் ஒரு டாக்சிக்காரர் 200 கேட்டார். ஏற்கெனவே கட்டியாயிற்று என்று அவரிடம் கத்தினேன். "ஏங்க, அவர் என்ன பண்ணுவார், ஏறுங்க" என்றாள் மனைவி. நான்கு கிலோமீட்டர்கூட இருக்காது. நடந்தே போயிருக்கலாம்.

தங்குமிடம் நடத்தும் அம்மா ரசீதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் பெயரில் பதிவே இல்லை. "ஆள்களை அனுப்புவார்கள். பணம் அனுப்ப மாட்டார்கள்" என்றார், கோபமே இல்லாமல். அறை 600, இரவுச் சாப்பாடு இரண்டு பேருக்கு 240. ஒன்று சொல்ல வேண்டும், அறை சுத்தம். கொசுவலை, பின்னால் ஓடும் ஆறு, சுடச்சுட தோர்த்தியா என்கிற சோள ரொட்டி, கறுப்பு பீன்ஸ். நேரே இங்கே வந்திருந்தால் மனம் நிறைந்து ஊர் திரும்பியிருப்போம்.

வெட்கத்தை விட்டு அந்த பூஜை பற்றியும் கேட்டேன். அவர் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். லகன்ஹாவில் பெரும்பாலோர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் ஆகிவிட்டார்களாம். கோபல் என்கிற மரப் பிசினைப் புகைத்து, சாமி முகம் வைத்த சட்டிகளுக்குப் படைக்கிற வழக்கம் வடக்கே நஹா என்ற ஊரில்தான் நீண்ட காலம் இருந்தது. அங்கே சான் கின் வியெஹோ என்ற பெரியவர் 1996-இல் இறக்கும்வரை அதைக் கட்டிக் காத்தார். பலெங்கே கடைக்காரன் எங்களுக்கு விற்றது இந்த ஊரில் இல்லாத ஒரு பூஜையை.

மறுநாள் வழிகாட்டியாக வந்தவனுக்குப் பதினேழு பதினெட்டு வயதிருக்கும். கால்பந்து பனியன், ரப்பர் பூட்ஸ், ஒட்ட வெட்டிய முடி. 800 பேசோ, பேரம் பேசவில்லை. அருவி வரை கூட்டிப்போய், வேருக்குள் புதைந்து கிடக்கும் சின்ன இடிபாடுகளையும் காட்டினான். திரும்பும்போது போனில் படங்களைத் தள்ளிக் காட்டிக்கொண்டு வந்தேன். கடை வாசல் படம் வந்ததும் நின்றுவிட்டான். போனை என் கையிலிருந்து வாங்கி விரலால் பெரிதாக்கினான். "இது என் தாத்தாவின் அண்ணன்" என்றான். செத்து ஐந்து வருஷம் ஆகிறதாம். இந்தப் படம் பலெங்கேயில் மாட்டியிருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. தனக்கு அனுப்பச் சொன்னான், அனுப்பினேன்.

போனாம்பாக்குக்கு வேனும் நுழைவுச் சீட்டுமாக இன்னொரு 700. கி.பி. 790 வாக்கில் தீட்டிய மூன்று அறைச் சுவரோவியங்கள். நடு அறையில் பிடிபட்ட கைதிகள் விரல் நுனியில் ரத்தம் சொட்ட உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவு தூரம் போய்விட்டு அதைப் பார்க்காமல் வரக்கூடாது. எங்களை ஏற்றிக்கொள்ள வர வேண்டிய வேன், எதிர்பார்த்தபடியே, வரவில்லை. மெயின் ரோட்டுக்கு வந்து ஷேர் வேன் பிடித்து 300 கொடுத்துத் திரும்பினோம். கட்டிய 5,800 போக, கையிலிருந்து போனது 3,140 பேசோ.

கடைக்காரன் கையை விரித்தான். ரசீது எழுதிய பெண் வேலையை விட்டுப் போய்விட்டாளாம்; எழுதியது அவனேதான், என் கண் முன்னால். மெக்சிகோவில் ப்ரோஃபெகோ என்று நுகர்வோர் அமைப்பு இருக்கிறது. கடை பெயரே இல்லாத துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு அங்கே போய் யார் மேல் புகார் சொல்வது?

போக ஆசைப்படுகிறவர்கள் பலெங்கேயிலிருந்து பிரான்தெரா கொரொசால் போகும் ஷேர் வேனில் ஏறி சான் ஹவியேரில் இறங்குங்கள். அங்கிருந்து லகன்ஹா ஆறு கிலோமீட்டர், டாக்சி கிடைக்கும். அறைக்கும் வழிகாட்டிக்கும் ஊரிலேயே நேரடியாகக் கொடுங்கள். பேசோவில் சில்லறை நோட்டாக எடுத்துப் போங்கள், நாங்கள் ஊரில் ஏடிஎம் எதையும் பார்க்கவில்லை. வழியில் ராணுவமும் குடியேற்றத் துறையும் வண்டியை நிறுத்துவார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். அந்த எல்லைச் சாலையில் இருட்டிய பிறகு பயணம் வேண்டாம். சமீப வருஷங்களில் ஆயுதக் கும்பல்களின் தொல்லை இருக்கிறது, கிளம்பும் வாரத்து நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

கடையை விட்டு வெளியே வரும்போது வாசல் படத்தைக் காட்டி, இவர் யார் என்று அவனைக் கேட்டேன். "லகந்தோன்" என்றான். பெயர் என்ன என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு, அடுத்து உள்ளே வந்த ஜோடிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.