ஒரு வினைச்சொல்லை முழுதாகக் கற்பிக்கும் கொரிய வகுப்பு: பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு மதிப்பீடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் காலையில் தமிழ்வழியாகக் கொரிய மொழி கற்பிக்கப்படுகிறது. பல ஆண்டுகள் கொரியாவில் வாழ்ந்து திரும்பிய தமிழ்ப் பெண்மணி ஒருவர் தனியாக நடத்தும் சிறு வகுப்பு இது. தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே ‘ஆசிரியை’ என்றே குறிப்பிடுகிறேன். முதல் தொகுதியை முடித்து இரண்டாம் தொகுதியில் படித்துக்கொண்டிருக்கும் மாணவன் என்ற முறையில், இந்த வகுப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஒரு மொழி வகுப்பின் தரம் அதன் பாடத்திட்ட அட்டவணையில் தெரிவதில்லை. ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அதை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறார் என்பதில்தான் தெரியும் என்று நம்புகிறவன் நான். ஆகவே போய்வருதல் என்று பொருள்படும் ‘சுரிப்பாதா’ என்னும் கொரிய வினைச்சொல்லுக்கு ஆசிரியை ஒதுக்கிய பாடத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

ஓர் இடத்துக்குள் நுழைவதையும் அங்கிருந்து வெளியேறுவதையும் குறிக்கக் கொரியர் அன்றாடம் பயன்படுத்தும் வினைகள் நான்கு: துரொகாதா, துரொஓதா, நாகாதா, நாஓதா. இவற்றுள் ‘துரொ’ என்பது உள்ளே என்பதையும், ‘நா’ என்பது வெளியே என்பதையும், ‘காதா’ என்பது போவதையும் ‘ஓதா’ என்பது வருவதையும் குறிக்கும். பேசுபவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே வினை மாறும். ஆங்கிலவழிப் பாடநூல்கள் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகின்றன. ‘உள்ளே போ’, ‘உள்ளே வா’, ‘வெளியே போ’, ‘வெளியே வா’ என்று பிள்ளைப் பருவத்திலிருந்தே பிரித்துப் பேசும் நமக்கு அந்த விளக்கம் தேவையே இல்லை. இதை உணர்ந்த ஆசிரியை, நான்கு வினைகளையும் சிறிது நேரத்தில் முடித்துவிட்டு, மிச்சப்பட்ட நேரம் முழுவதையும் சுரிப்பாதாவுக்குக் கொடுத்தார். வெளியேறுதல், நுழைதல் ஆகிய இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்கி வைத்திருக்கும் முறைசார்ந்த வினை அது.

அந்தச் சொல் சீன மூலத்தைக் கொண்டது. ‘சுல்’ என்றால் வெளியேறுதல். ‘இப்’ என்றால் நுழைதல். இவ்விரண்டும் சேர்ந்த பெயர்ச்சொல்லோடு, செய்தல் என்று பொருள்படும் ‘ஹாதா’ சேர்ந்து வினையாகிறது. ‘சுல்’ என்பதன் முதலெழுத்தைப் ‘பச்சை’யில் வரும் அழுத்தமான சகரமாக ஒலிக்க வேண்டும். தொடக்கநிலை வகுப்புகள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். ஆனால் ஆசிரியை எங்களைச் சுற்றியுள்ள நகரத்துக்கே அழைத்துப் போனார். கோலாலம்பூரில் சீனர் வீடுகளின் வாசலுக்கு மேலே சிவப்புத் தாளில் ஒட்டப்பட்டிருக்கும் ‘சூ ரூ பிங் ஆன்’ என்ற வாழ்த்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். போகும்போதும் வரும்போதும் நலமே விளையட்டும் என்னும் அந்த வாழ்த்தின் முதல் இரண்டு எழுத்துகளும் சுரிப்பாதாவின் முதல் இரண்டு அசைகளுக்கு மூலமான அதே எழுத்துகள். மலாயில் அன்றாடம் சொல்லும் ‘கெலுவார் மாசோக்’ என்பதிலும் வெளியேறுதலே முந்தி நிற்கிறது. தமிழில் ‘போக்குவரத்து’ என்கிறோம். அதிலும் போக்குத்தான் முதலில் வருகிறது. வெளியேறுதல் ஏன் முன்னால் நிற்கிறது என்று குழம்பிக்கொண்டிருந்த எங்களுக்கு, இந்த மூன்று எடுத்துக்காட்டுகளையும் கேட்டபின் அந்த வரிசை மறப்பதற்கு இடமே இல்லாமல் போயிற்று. நாம் வாழும் ஊரின் மொழிகள் அனைத்தையும் துணைக்கு அழைத்துக்கொள்ளும் இந்த அணுகுமுறைதான் இவ்வகுப்பின் தலையாய சிறப்பு.

பாடத்தின் மையம் இச்சொல்லின் பயன்பாட்டு எல்லை. ‘நான் அறைக்குள் நுழைந்தேன்’ என்று ஒரு தனிச் செயலைச் சொல்லும்போது சுரிப்பாதா வராது. அங்கே துரொகாதாதான் வரும். ஓர் இடத்துக்குப் போய்வரும் வழக்கத்தையோ, போய்வரும் உரிமையையோ, அந்த உரிமைக்கு விதிக்கப்படும் தடையையோ சொல்லும்போதுதான் சுரிப்பாதா தன் இடத்தில் நிற்கிறது. பணியாளர்கள் எந்த வாயில் வழியாகப் போய்வர வேண்டும், இந்த அட்டை இருந்தால் எந்தெந்தத் தளங்களுக்குப் போய்வரலாம், வயது குறைந்தோர் எந்தக் கடைகளில் நடமாடக் கூடாது என்பன போன்ற செய்திகளே அதற்கு உரியவை. இலக்கணத்தில் அது இரண்டு உருபுகளை ஏற்கும். இடத்தைக் குறிக்கும் ‘எ’ என்ற உருபோடும் வரலாம். நம் இரண்டாம் வேற்றுமையைப் போன்ற ‘உல்’, ‘ருல்’ உருபுகளோடும் வரலாம். எந்த வாயில் வழியாக என்று சொல்ல ‘உரோ’ சேரும். இந்த மூன்றையும் ஆசிரியை கரும்பலகையில் எழுதிவைத்து, தமிழ் வேற்றுமை உருபுகளோடு ஒப்பிட்டுக் காட்டினார். தமிழிலக்கணத்தைப் பள்ளியில் ஓரளவு படித்தவர்களுக்கு இது பெரிய வரம்.

எல்லை எங்கே என்பதை எல்லாரும் நன்றாக உணர்ந்தது ஒரு மாணவர் கேட்ட கேள்வியால்தான். கொரியக் குடும்பங்கள் பல வாழும் மோன்ட் கியாராவில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாக அலுவலகத்தில் அவர் வேலை செய்கிறார். முன்வாயிலில் பழுதுபார்ப்பு நடக்கும் நாள்களில் ஒட்டுவதற்காகக் கொரிய மொழியில் ஓர் அறிவிப்பு எழுதிக் கொண்டுவந்திருந்தார். “டீச்சர், ‘துரொகாஜி மாசெயோ’ என்று எழுதியிருக்கிறேன், உள்ளே போகாதீர்கள் என்றுதானே பொருள், இது போதாதா?” என்று கேட்டார். “அண்ணே, அது எதிரே நிற்கிற ஒருவரைப் பார்த்துச் சொல்கிற பேச்சு. அறிவிப்பு எல்லாரையும் பார்த்துச் சொல்ல வேண்டும்” என்ற ஆசிரியை, ‘யொம்முனுரோ சுரிப்பாயொ ஜுஷிகி பாராம்னிதா’ என்று எழுதிக் கொடுத்தார். பக்கவாயில் வழியாகப் போய்வருமாறு கேட்டுக்கொள்கிறோம் என்பது அதன் பொருள். இந்தத் தொடரில் தடை என்ற பேச்சே இல்லை. மாற்று வழியை மரியாதையோடு காட்டுவதன் வழியாகவே முன்வாயில் மூடப்பட்டிருப்பது தெரிந்துவிடுகிறது. முழுத் தடையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘சுரிப்கும்ஜி’ என்ற பெயர்ச்சொல்லே போதும். நம் ஊர்களில் ‘அந்நியர் உள்ளே வரக்கூடாது’ என்று எழுதிவைக்கும் இடத்தில், கொரியாவில் ‘வெபுயின் சுரிப்கும்ஜி’ என்று எழுதியிருக்கும். தமிழ்ப் பலகையும் மலாய் மொழியின் ‘டிலாராங் மாசோக்’ பலகையும் நுழைவதை மட்டும் குறிப்பிட்டுத் தடுக்க, கொரியப் பலகை போக்கையும் வரவையும் சேர்த்தே தடுக்கிறது.

ஒலிப்புப் பயிற்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழர்களுக்கு இருக்கும் இயல்பான வலிமையை இவ்வளவு தெளிவாகப் பயன்படுத்திக்கொள்ளும் வேறு கொரிய வகுப்பை நான் கண்டதில்லை. ‘சுல்’, ‘இப்’ என்று தனித்தனியாக எழுதப்படும் அசைகள் சேரும்போது ‘சுரிப்’ என்றாகின்றன. ‘கடல்’, ‘ஓரம்’ இரண்டும் ‘கடலோரம்’ ஆவதுபோல மெய்யின்மேல் உயிர் ஏறுகிறது; கூடவே கொரிய லகரம் உயிர்களுக்கு நடுவே ரகரத்தை ஒத்து ஒலிக்கிறது. அதன்பின் வரும் ‘ஹா’ பகரத்தோடு கலந்து மூச்சொலியுள்ள ‘ப்பா’ ஆகிறது. கதவைக் குறிக்கும் ‘முன்’ என்ற சொல் சேர்ந்தாலோ, பகரம் மகரமாக மாறி ‘சுரிம்முன்’ என்று கேட்கும். நெல்லும் மணியும் சேர்ந்து ‘நென்மணி’ ஆகும்போது, பின்வரும் மகரத்தால் லகரம் மூக்கொலியாவது நமக்குப் பழக்கமானதுதான். சியோல் நகரச் சுரங்க ரயிலில் கதவு மூடப்படுவதை அறிவிக்கும்போது ஒலிப்பது இந்தச் ‘சுரிம்முன்’தான், எழுத்தை மட்டும் படித்தவர்களுக்கு அது காதில் பிடிபடாது. ‘கும்ஜி’யின் முதல் உயிர் உதடு குவியாமல் ஒலிக்கும் உகரம். பிறர் அதை ஒலிக்கத் திணறும்போது, ‘பாட்டு’, ‘காசு’ ஆகியவற்றின் இறுதியில் வரும் குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்று ஆசிரியை சொன்ன மாத்திரத்தில் எங்கள் வகுப்பில் அனைவருக்கும் அது வந்துவிட்டது.

ஒரு சொல்லிலிருந்து அதன் குடும்பம் முழுவதையும் அறிமுகப்படுத்துவது அடுத்த கட்டம். ‘சுல்கு’ வெளிவாயில், ‘இப்கு’ உள்வாயில், இரண்டுக்கும் பொதுவான வாயில் ‘சுரிப்கு’. அனுமதி அட்டை ‘சுரிப்சுங்’. ‘சுரிப்குக்’ என்றால் நாட்டைவிட்டுப் போவதும் நாட்டுக்குள் வருவதும். கொரிய நீதித்துறை அமைச்சின்கீழ் இயங்கும் குடிநுழைவுத் துறையின் பெயரிலேயே இச்சொல் இருப்பதால், அங்கே படிக்கவோ வேலை செய்யவோ போகும் எவரும் முதலில் சந்திக்கும் சொற்களில் இதுவும் ஒன்று. நாடாளுமன்றம் போன்ற ஓர் இடத்துக்கென நியமிக்கப்பட்டு அங்கே போய்வந்து செய்தி திரட்டும் நிருபர் ‘சுரிப்கிஜா’. 1953 ஜூலை 27இல் கையெழுத்தான கொரியப் போர்நிறுத்த உடன்பாட்டால் உருவான படைநீக்கப் பகுதிக்குத் தெற்கே, பொதுமக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் எல்லைக்கோடு ஒன்று இருக்கிறது. ‘மின்தோங்சொன்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தக் கோட்டின் முழுப்பெயருக்குள்ளும் சுரிப் இருக்கிறது. கேளிக்கை விடுதிகளின் வாசலில் 19 வயதுக்குக் குறைந்தோரின் வருகையைத் தடுக்கும் பலகையிலும் இதே சொல்தான். கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020 ஜூனில், கொரிய அரசு கியூ.ஆர். குறியீட்டின் அடிப்படையில் கொண்டுவந்த மின்னணு வருகைப் பதிவேட்டுக்கும் இச்சொல்லை வைத்தே பெயரிட்டார்கள். அதே ஆண்டில் மலேசியாவின் மைசெஜாத்ரா செயலியைக் கடைவாசல்தோறும் பயன்படுத்திய நமக்கு, அந்தப் பதிவேட்டின் வேலை என்ன என்பதை விளக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. ஆட்சி, சட்டம், பாதுகாப்பு, பொதுநலம் ஆகியவற்றின் மொழியில் ஒரு சொல் எப்படி வேரோடியிருக்கிறது என்பதை இப்படிக் கண்டபின், அது ஏன் முறைசார்ந்த சொல் என்று தனியே மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இதே பொருளில் கொரிய மொழிக்கே உரிய ‘துநாதுல்தா’ என்ற வினையும் உண்டு என்பதை ஆசிரியை மறக்காமல் சொன்னார். நுழைதல், வெளியேறுதல், மீண்டும் நுழைதல் என்ற மூன்றும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. பூனை சமையலறைக்கு வந்துபோவதற்கும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒரு வீட்டுக்கு அடிக்கடி வருவதற்கும் அதுவே பொருந்தும். வீட்டைவிட்டுச் சற்று வெளியே போய்வருவதைச் ‘சுரிப்’ என்று சொல்லும் பழைய வழக்கும் கொரிய மொழியில் இருக்கிறது. ‘போய் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் நம் மரபுக்கு அது மிக அருகில் நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பாடத்தில் இப்பகுதி அவசரமாக முடிந்துவிட்டது. பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள இடைவெளியை இன்னும் சில எடுத்துக்காட்டுகளோடு விரித்திருக்கலாம்.

குறைகள் வேறு சிலவும் உண்டு. கேட்டல் பயிற்சி போதுமான அளவு இல்லை. ஆசிரியையின் குரலில் சுரிம்முன்னைப் புரிந்துகொள்ளும் மாணவர், ரயில் நிலைய அறிவிப்பின் வேகத்தில் அதைப் புரிந்துகொள்வார் என்று சொல்ல முடியாது. ஒலிப்பதிவுகளை வைத்துப் பயிற்சி தரும் ஏற்பாடு அவசியம். சீன எழுத்துகளின் மூலத்தைக் காட்டும் ஆசிரியை அவற்றை எழுதக் கற்றுத் தருவதில்லை. தொடக்கநிலையில் அது சரியே என்றாலும், சீனம் படித்த மாணவர்கள் சிலர் வகுப்பில் இருக்கும்போது அவர்களுக்கு மட்டுமாவது ஒரு தாள் கொடுக்கலாம். கையேடுகள் நகலெடுத்த தாள்களாகவே வருகின்றன. அவற்றில் கொரிய எழுத்துகள் சிறிதாகவும் மங்கலாகவும் இருப்பதால், கண்பார்வை குறைந்த மூத்த மாணவர்கள் சிரமப்படுகிறார்கள். கொரிய மொழித்திறனை அளக்கும் டோபிக் தேர்வை மட்டுமே குறியாகக் கொண்டவர்களுக்கு வகுப்பின் வேகம் குறைவாகத் தோன்றக்கூடும். அத்தேர்வின் தொடக்கப் பிரிவு முதல் இரண்டு நிலைகளையும், மேற்பிரிவு மூன்றுமுதல் ஆறுவரையான நிலைகளையும் கொண்டது. சுரிப்பாதா போன்ற சொற்களின் அருமை மேற்பிரிவின் வாசிப்புப் பகுதியில்தான் வெளிப்படும் என்பதால், தொடக்கப் பிரிவை விரைவில் முடிக்க நினைப்பவர் பொறுமையிழக்க நேரலாம்.

எட்டு வாரத் தொகுதிக்குக் கட்டணம் 320 ரிங்கிட். தாள்களுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. இருக்கைகள் குறைவு என்பதால் முன்கூட்டியே இடத்தை உறுதிசெய்துகொள்வது நல்லது. கடைவீட்டின் படிகள் செங்குத்தானவை, மின்தூக்கி இல்லை. கொரிய நிறுவனங்களில் வரவேற்புப் பணியிலோ பாதுகாப்புப் பணியிலோ இருப்பவர்கள், கொரியக் குடியிருப்பாளர்களுக்கு அறிவிப்புகள் எழுத வேண்டிய நிர்வாகப் பணியாளர்கள், கொரியாவுக்கு மேற்படிப்புக்குப் போகும் இளையோர் ஆகியோருக்கு இவ்வகுப்பு மிகப் பொருத்தம். பணம் கட்டுமுன் ஒரு பாடத்தில் இலவசமாக உட்கார்ந்து பார்க்க ஆசிரியை அனுமதிக்கிறார். சுரிப்பாதா பாடம் நடக்கும் வாரத்தைக் கேட்டறிந்து, அந்த வாரத்திலேயே போய் உட்காருங்கள்.