பார்பிக்யூ அடுப்பு கட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: உள்பக்கக் கல்லைக் கீறிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கமெல்லாம் கொல்லையில் செங்கல்லால் பார்பிக்யூ அடுப்பு கட்டித் தருவதாகச் சொல்லி, போனில் அழகழகான போட்டோக்களைக் காட்டி ஒரு கான்ட்ராக்டர் வேலை பிடிக்கிறார். பாபநாசம் பக்கத்தில் எங்கள் வீட்டில் அவர் கட்டியதைப் பற்றித்தான் எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை.

பேசியது 52,000 ரூபாய். வெளிச்சுவருக்குச் சாதாரணச் செங்கல், தீ படும் உள்பக்கம் முழுக்க ஃபயர் பிரிக் என்கிற சூடு தாங்கும் கல், மேலே 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிரில். சாம்பிளுக்கு ஒரு ஃபயர் பிரிக்கைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தார். வெளிர் மஞ்சள் நிறம், கூரான ஓரம், மேலே கம்பெனி முத்திரை. நல்ல கனம். 9 அங்குல நீளம், நாலரை அகலம், 3 தடிமன் உள்ள ஒரு கல் நாலு கிலோவை ஒட்டி இருக்கும். சாதாரணச் செங்கல்லைவிட விலையும் பல மடங்கு. அந்தக் கல்லை நம்பித்தான் முக்கால்வாசிப் பணத்தை முன்னாடியே கொடுத்தோம்.

வேலை நடந்தது சம்பா நடவு நேரம். நாங்கள் எல்லாரும் வயலில், வீட்டில் அப்பா மட்டும். கட்டி முடித்தபோது உள்பக்கம் முழுக்க அதே வெளிர் மஞ்சள். மழைக்காலம் பூராவும் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். அப்புறம் தை பிறப்பதற்கு முன்பே, அவர் சொன்ன மாதிரியே சுள்ளி போட்டுச் சின்னச் சின்னதாகத் தீ மூட்டி ஈரத்தைப் போக்கினோம்.

காணும் பொங்கலுக்கு அக்கா குடும்பம் வந்திருந்தது. கருவேலங்கரி கொட்டி, தணல் நன்றாகப் பிடித்து, கோழியை வைத்த கொஞ்ச நேரத்தில் பட்டென்று ஒரு சத்தம். உள்சுவரிலிருந்து ஒரு சில்லு தெறித்து அக்கா மகளின் முன்னங்கையில் பட்டு, அந்த இடம் கொப்பளித்துவிட்டது. கண்ணுக்கு நேராக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பதறுகிறது.

மறுநாள் தெருக்கோடியில் இருக்கும் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஆயுசு முழுக்கக் கொத்தனார் வேலை பார்த்தவர். ஒரு ஆணியை எடுத்து உள்சுவரில் கீறினார். மஞ்சள் தோலாக உரிந்தது, அடியில் செக்கச்செவேல் என்று செங்கல். சிமென்ட் பாலில் மஞ்சள் ஆக்சைடைக் கலந்து அடித்திருக்கிறார்கள். வாய் ஓரத்தில், பார்த்தால் கண்ணில் படும் ஒரே ஒரு வரிசை மட்டும் அசல் ஃபயர் பிரிக். உடைந்த கல்லின் நடுப்பகுதி வெளிறிப்போய், விரலால் தேய்த்தாலே மண்ணாக உதிர்ந்தது. "தம்பி, இது சூளை ஓரத்துல வேகாம நின்ன கல்லு. மதில் சுவத்துக்குக்கூட நான் வைக்க மாட்டேன்" என்றார்.

கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். "அண்ணே, செங்கல்லே சூளைத் தீயில வெந்ததுதானே, அதுக்கு என்ன ஆகப்போவுது?" என்கிறார். கேட்க நியாயம் மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். சூளையில் கல் நாள்கணக்கில் மெதுவாகச் சூடேறி, மெதுவாக ஆறும். கரி அடுப்பில் அரை மணி நேரத்தில் 700 டிகிரிவரை போய், அன்றைக்கே ஆறிவிடும். திரும்பத் திரும்ப அந்த வேகத்தைத் தாங்கச் செய்ததுதான் ஃபயர் பிரிக். அரைகுறையாக வெந்த கல் தாங்காது.

கலவையிலும் ஏமாற்று. தீ படும் இடத்தில் வெறும் சிமென்ட் கலவை நிற்காது. 400 டிகிரியைத் தாண்டினாலே வலு குறைய ஆரம்பித்து, பிறகு உதிரும். ஃபயர் கிளே என்கிற சூடு தாங்கும் களிமண் அல்லது சூடு தாங்கும் சிமென்ட் கலவைதான் வேண்டும், அதுவும் கல்லுக்குக் கல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்துதான் விடுவார்கள். எங்கள் அடுப்பில் சந்து அரை அங்குலம்.

கிரில்லும் 304 இல்லை, ஜிஐ வலை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வலை. இதுதான் எனக்கு ரொம்பக் கோபம். ஜிஐ மேலே பூசியிருக்கும் துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகும். சூடு ஏற ஏற அதிலிருந்து வரும் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சலும் நெஞ்சு இறுக்கமும் வரும். சாப்பிடுகிற பண்டத்தை அதன்மேல் வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். 304 என்று சொல்லி, மாங்கனீஸ் அதிகம் உள்ள மலிவு ரகமான 202 தருகிறவர்களும் உண்டு. காந்தம் வைத்துப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. மாங்கனீஸ் டெஸ்ட் திரவத்தில் ஒரு சொட்டு விட்டால் 202 சிவக்கும், பெரிய ஸ்டீல் கடைகளில் வைத்திருப்பார்கள்.

அஸ்திவாரமும் பெயருக்குத்தான். நம் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். தோண்டி மணல் நிரப்பி, கான்கிரீட் போட்டுத்தான் எழுப்ப வேண்டும். இவர் மண்மேலேயே வைத்து எழுப்பியதில் கார்த்திகை மழைக்கே ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

கட்டக் கொடுப்பவர்கள் கல் இறங்கும்போதே பக்கத்தில் இருங்கள். முத்திரையைப் பாருங்கள், தராசில் வையுங்கள், ஆணியால் கீறுங்கள். உள்பக்கம் பூசவோ வண்ணம் அடிக்கவோ விடாதீர்கள். ஃபயர் பிரிக்குக்குப் பூச்சே தேவையில்லை, பூசவேண்டும் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். என்ன கல், என்ன கலவை, என்ன கிரில் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

எங்களிடம் வாட்ஸ்அப்பில் "உள்ளே முழுக்க ஃபயர் பிரிக்" என்று அவரே அனுப்பிய மெசேஜ் இருக்கிறது, பணம் போன வங்கிக் கணக்கு விவரமும் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொன்னோம், பதிவுத் தபாலில் நோட்டீஸும் அனுப்பினோம். பதில் வராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். இதே மாதிரி மஞ்சள் பூசிய அடுப்பு உங்கள் வீட்டிலும் இருந்தால் தீ மூட்டாதீர்கள். ஒரு ஆணியை எடுத்துக் கீறிப் பார்த்து, போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.