286 வெள்ளிக்கு ஸ்பீக்கர் பெட்டி ‘செட்’ வாங்கி ஏமாந்த கதை

இதை எழுதும்போது என் மேசைமேல் ஒரு பெட்டி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. ஒட்டி நாலு நாள்தான் ஆகிறது. மேல்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் நடுவே எம்ஆர்டி ரயில் அட்டையைச் செருகினால் தாராளமாக உள்ளே போகிறது. விலை 286 சிங்கப்பூர் வெள்ளி.

அப்பாவிடம் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்று உண்டு. காலையில் அதில் ஒலி 96.8 வானொலி ஓடாவிட்டால் அவருக்குத் தேநீர் இறங்காது. கூட இருந்த பெட்டிகள் ஈரத்தில் உப்பி உதிர ஆரம்பித்துவிட்டன. ஆறரை அங்குல ஸ்பீக்கர்கள் மட்டும் நன்றாக இருந்தன. புதுப் பெட்டி செய்து அவற்றை மாட்டிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். வீவக அடுக்குமாடி வீட்டில் வட்ட ரம்பமா ஓட்ட முடியும்? அதனால் பலகையை அளவாக வெட்டித் தருபவரைத் தேடினேன். பழைய பொருள் வாங்கி விற்கும் செயலி ஒன்றில் விளம்பரம் கிடைத்தது: 18 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட், ஸ்க்ரூ, பசை, எல்லாம் சேர்த்து ஒரே செட்.

தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில் அவருடைய இடம். போனால் நம்ம ஆள். மைலோ கலந்து கையில் கொடுத்தார். செய்து முடித்த பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து விரல் முட்டியால் தட்டினார். அடக்கமாக ‘டொக்’ என்றது. பிறகு கழித்துப்போட்ட வேறொரு பெட்டியைத் தட்டினார். ‘டங்’. “வித்தியாசம் கேக்குதாண்ணே? உங்களுக்கு முதல்ல தட்டுனதுதான்.” வெட்டிய ஓரத்தையும் காட்டினார். நல்ல பிர்ச் பிளைவுட்டில் 18 மில்லிமீட்டருக்கு 13 அடுக்கு வரும். விரலை வைத்து எண்ணினேன். சரியாக 13.

அங்கேதான் விழுந்தேன். நான் எண்ணியது அவருடைய மாதிரிப் பெட்டியை, எனக்குத் தரப்போகும் பலகையை அல்ல.

என்னுடையதைக் கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி, டேப் அடித்துத் தயாராக வைத்திருந்தார். “பிரிச்சுப் பாத்துடட்டுமா?” என்றேன். “பிரிச்சா மூலை அடிபடும்ணே, எம்ஆர்டியிலதானே கொண்டு போறீங்க?” நியாயமாகத்தான் பட்டது. யாருக்கு என்று கேட்டார், சொன்னேன். “அப்பாவுக்கா? அப்ப 300 வேணாம்ணே, 286 குடுங்க.” அந்த 14 வெள்ளியில் நான் உருகிப்போனேன். செயலி வழியாகக் கட்டினால் பணம் நாலு நாள் நிற்கும், பேநவ்வில் நேராக வங்கிக்குப் போட்டுவிடுங்கள் என்றார். அதையும் அவர் முன்னாலேயே செய்தேன்.

வீட்டில் பிரித்தேன். பலகை பளபளவென்று இருந்தது, ஓரமெல்லாம் மர நிறத்தில் நாடா. சரி, அலங்காரத்துக்கு ஒட்டியிருப்பார் என்று நினைத்தேன். முதல் துளை போட்டதும் சுருள் சுருளாக மரச்சீவல் வரவில்லை, பொலபொலவென்று தூள் கொட்டியது. நாடாவை உரித்தேன். உள்ளே அழுத்திய மரத்தூள், கடலை மிட்டாய் மாதிரி. 18 மில்லிமீட்டர் தூள்பலகை, மேலே மெலமைன் என்கிற வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சு. 13 அடுக்கு எங்கே? ஒரு அடுக்குகூட இல்லை.

அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோயிருக்க வேண்டும். கேட்டதற்கு “மேல கோட்டிங்ணே, பயப்படாம ஒட்டுங்க” என்று பதில் வந்தது. நம்பி ஒட்டினேன். பெயர்ச்சீட்டு இல்லாத பாட்டிலில் வெள்ளைப் பசை. வெள்ளைப் பசை மரத்துக்குள் ஊறித்தான் பிடிக்கும், மெலமைன்மேல் ஊற இடம் ஏது? காய்ந்தபின் நகத்தால் கீறினால் பாலாடை மாதிரி முழுசாக உரிந்து வந்தது. கறுப்பு ஸ்க்ரூக்கள் ஜிப்சம் சுவருக்குப் போடுகிற வகை. வளையாது, படக்கென்று ஒடியும். கடைசிச் சுற்றில் இரண்டின் தலை கையோடு வந்துவிட்டது.

ஸ்பீக்கரை மாட்டும்போது இன்னொன்றின் தலை வழுக்கியது. காந்தம் இழுத்த இழுப்பில் ஸ்க்ரூ டிரைவர் நேராகக் கூம்புக் காகிதத்தில் போய்க் குத்தியது. அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். “பரவால்லப்பா” என்று மட்டும் சொன்னார். அந்தக் கூம்பை நான் 286-இல் சேர்க்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் நாள், “சைட்ல இருக்கேண்ணே, ராத்திரி பேசுறேன்.” ராத்திரி பேசவில்லை. மறுநாள், சிங்கப்பூர் ஈரக்காற்றுக்கு யார் என்ன செய்ய முடியும் என்றார். அதற்கடுத்து, நான் ஸ்க்ரூவை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டேனாம். படம் அனுப்பினேன், நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. கடைசியில், பிரித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று வந்தது. யார் இந்த ‘நாங்கள்’? பழுதான பொருளுக்கு ஆறு மாதம்வரை சட்டம் இருக்கிறதே என்று கேட்டதும், “அது கடைக்குத்தாண்ணே, நான் தனி ஆளு” என்று பல்டி. மைலோ கொடுத்தபோது அது ‘என் வொர்க்‌ஷாப்’. அதன்பின் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

செயலிக்காரர்களிடம் போனேன். தானாக வரும் பதில் ஒன்று வந்தது: பணம் தளத்துக்கு வெளியே கைமாறியதால் தலையிட இயலாது. மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அதே வரி. 286 வெள்ளி போச்சு.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை, அவசரத்துக்கு இவ்வளவு. உங்களுக்குத் தரும் பொட்டலத்தை அங்கேயே பிரித்து ஓரத்தைப் பாருங்கள், நாடா ஒட்டியிருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். பசையைப் பெயர்ச்சீட்டோடு கடையில் நீங்களே வாங்குங்கள். பூச்சில்லாத மரத்தில் நல்ல வெள்ளைப் பசையே போதும், கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். பெட்டியைத் தாங்குவது பசைதான், அது காயும்வரை பிடித்துக்கொள்ளத்தான் ஸ்க்ரூ. கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ வேண்டாம். எந்த ஸ்க்ரூவானாலும் முதலில் சின்னத் துளை போடுங்கள், 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு 2.5 அல்லது 3. பணத்தைச் செயலிக்குள்ளேயே கட்டுங்கள்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதியலாம் என்று தோழர் சொன்னார். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் எதிராளியின் முழுப் பெயரும் முகவரியும் தேவை. என்னிடம் இருப்பது ஒரு செல்லப்பெயரும் கதவு மூடிய ஐந்தாம் மாடியும்தான். நேற்று போய்ப் பார்த்தேன், பூட்டு தொங்குகிறது. பக்கத்துக் கடை அங்கிள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

சற்றுமுன் வேறொரு கணக்கிலிருந்து செயலியைத் திறந்தேன். அதே படம், அதே முட்டி, அதே ‘டொக்’. விலை மட்டும் 310 வெள்ளி ஆகியிருக்கிறது.