வளர்த்துப் பார்ப்பதா, வாசித்துப் பார்ப்பதா?

வெள்ளவத்தை வீட்டு முற்றத்தில் தென்னோலை நுனி மாமாவின் கண்ணில் குத்தியது. மூன்றாம் நாள் கருவிழியில் சுண்ணாம்புப் பொட்டுப்போல் ஒரு வெண்புள்ளி. வைத்தியர் அதைச் சுரண்டி கிருமி வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் பிறை பிறையாகக் கீறினார். பற்றீரியா என்றால் ஓரிரு நாளில் முளைத்துவிடும். பூஞ்சை ஒரு வாரத்துக்கு மேலும் இழுத்தடிக்கும். முன்பே சொட்டுமருந்து விட்டிருந்தால் எதுவும் முளைக்காமலே போகலாம்.

சுரண்டியதிலுள்ள டி.என்.ஏ.யை நேரே படிக்கும் மரபணு வாசிப்புக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. டி.என்.ஏ. இழையை நுண்துளை வழியே விட்டுப் படிக்கும் கையடக்க நானோபோர் கருவி சில மணி நேரத்தில் கிருமியின் பெயரைச் சொல்லக்கூடும். அமீபாவையும் அதே வாசிப்பில் பிடிக்கலாம். ஆனால் சுரண்டியதில் பெரும்பகுதி மாமாவின் சொந்த டி.என்.ஏ.தான். இமைத்தோல் கிருமியும் ஒட்டிக்கொண்டு வரும். செலவு வேறு.

எந்த மருந்துக்குக் கிருமி மடியும் என்பதை இன்னமும் தட்டுதான் தெளிவாகக் காட்டுகிறது. பூஞ்சைச் சந்தேகம் என்றால் நான் இரண்டையும் கேட்பேன். மணிக்கொரு சொட்டு விட்டுக்கொள்ளும் மாமாவோ, "முதலில் எரிச்சல் நிற்கட்டும், மருமகனே" என்கிறார்.