விசுவமடுப் பக்கம் சனிக்கிழமை சட்ட உதவி மேசை: மூண்டு தரம் போய் வந்தாப்பிறகு எழுதுறன்

பரந்தனில இருந்து முல்லைத்தீவு போற ஏ35 றோட்டில விசுவமடு தாண்டினாப்பிறகு ஒரு வாசிகசாலைக் கட்டடம் இருக்கு, அதில சனிக்கிழமையளில இலவச சட்ட உதவி மேசை போடினம். பேர் எழுதேல்லை, போட வேண்டாம் எண்டு அவையே கேட்டவை. பஸ்ஸில ஏறி "லோயர்மார் வாற வாசிகசாலை" எண்டா கொண்டக்ரரே இறக்கி விடுவார். மூண்டு சனி போயிட்டன், அதால நல்லது கெட்டது ரெண்டையும் எழுதலாம் எண்டு நினைக்கிறன்.

முதல் எங்கட அலுவலைச் சொல்லோணும், இல்லாட்டி நான் ஏன் இவ்வளவு சந்தோசப்படுறன் எண்டு விளங்காது. முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழ அப்பாவின்ர பேரில பெர்மிட் காணி, எண்டா அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணி, 2 ஏக்கர். அப்பா 2009ல இடம்பெயர்ந்து போகேக்கை செத்திட்டார், பெர்மிட் கடதாசி இருந்த பையும் அதோட போயிட்டுது, தனக்குப் பிறகு காணி ஆருக்கு எண்டு, பின்னுரித்தாளியா, அப்பா ஆரையும் பதியவும் இல்லை. அதுக்குப் பிறகு இத்தினை வருசமா அம்மா ஏறி இறங்காத இடமில்லை. ஒராள் "மூத்த மகன் இருந்தாத்தான் பேர் மாத்தலாம்" எண்டார், எங்கட அண்ணன் இல்லை, அதைச் சொல்லவே அம்மாக்கு வாய் வராது. இன்னொராள் பைலைத் தேடி எடுத்துத் தாறன் எண்டு 15,000 வாங்கிக்கொண்டு போனவர்தான், போனும் வேலை செய்யாது. அம்மாக்கு இப்ப 68 வயசு.

முதல் நாள் 7 மணிக்கே போய் நிண்டம். ரோக்கன் 25தான் குடுப்பினம், 8.30க்குத் துடங்கும், 25க்குப் பிறகு வாற ஆக்களைக் காத்திருக்க வைக்காமல் அப்பவே அடுத்த சனிக்கு முதல் ரோக்கனைக் குடுத்து அனுப்புவினம். இது எனக்குச் சரியாப் பிடிச்சுது, ஏனெண்டா பின்னேரம் மட்டும் வெய்யிலுக்க இருத்திப்போட்டு இண்டைக்கு ஏலாது எண்டு சொல்லுற இடங்களைத்தான் நாங்கள் பாத்துப் பழக்கம். எங்களுக்கு 11ஆம் இலக்கம், கூப்பிட 10.45 ஆச்சுது.

ரெண்டு லோயர், ரெண்டு பேரும் பொம்பிளையள், ஒரு சட்டம் படிக்கிற தம்பி, சிங்களக் கடிதம் வாசிச்சுச் சொல்ல ஒரு ஐயா. அந்த ஐயாவைப் பற்றித் தனியா எழுதலாம், எங்களுக்கு வந்த கடிதம் ஒண்டு 3 வருசமா வீட்டில கிடந்தது, அது வெறும் "கிடைத்தது" எண்ட பதில்தான் எண்டு அவர் சொல்லித்தான் தெரியும், நாங்கள் அதைச் சாமித்தட்டில வைச்சிருந்தனாங்கள்.

லோயர் அக்கா அம்மாவைப் பாத்துத்தான் கதைச்சவ, என்னைப் பாத்து இல்லை. எங்க போனாலும் என்னட்டைத்தான் கேப்பினம், அம்மா பக்கத்தில சாமான் மாதிரி இருப்பா. அவ கதிரையைக் கிட்ட இழுத்து வைச்சு "அம்மா, ஐயா செத்தாப்பிறகு பெர்மிட் காணியில நீங்கள் உயிரோட இருக்குமட்டும் உங்களுக்குத்தான் உரிமை, ஐயா பேர் பதிஞ்சாரோ இல்லையோ, மனுசிக்கு அது இருக்கு" எண்டு சொன்னவ. பிறகு பிள்ளையள் விசயம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935ல வந்தது, அதில ஆம்பிளைப் பிள்ளைக்கு முதலிடம் குடுக்கிற வரிசை ஒண்டு இருந்தது, 2022ல திருத்தம் வந்து அந்த வித்தியாசத்தை எடுத்திட்டினம், ஆனா கனபேர் இன்னும் பழைய வரிசையைத்தான் வாயால சொல்லிக்கொண்டு திரியினம் எண்டவ. அம்மா ஒண்டும் சொல்லேல்லை, சேலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சவ. கடைசியா ஒரு தாளில தமிழில, பெரிய எழுத்தில, அடுத்து என்ன செய்யோணும், ஆரிட்டைப் போகோணும், எந்தக் கடதாசி வேணும், சத்தியக்கடதாசியில என்ன எழுதோணும் எண்டு எழுதி, அதில ஒரு கொப்பி தாங்கள் வைச்சு, மற்றதை அம்மாவின்ர கையில குடுத்தவ. காசு ஒரு சதம் வாங்கேல்லை. போட்டோகொப்பிக்கு வெளியில கடையில குடுத்ததுதான் செலவு.

இனி நான் உண்மையில எழுத வந்த விசயம். 10 மணிக்கு எல்லாரையும் வைச்சு ஒரு பத்து நிமிசம் கதைப்பினம், ஒவ்வொரு சனியும் ஒரு சட்டம், ஒரு கதை. நாங்கள் முதல் போன அண்டைக்கு அந்த அக்கா பிலிப்பைன்ஸில ஒரு ஆளைப் பற்றிச் சொன்னவ, தான் மணிலாவுக்கு ஒரு பயிற்சிக்குப் போனபோது கேள்விப்பட்டதாம். ஹோசே டியோக்னோ. சனம் அவரைக் கா பெப்பே எண்டுதான் கூப்பிடுமாம், கா எண்டா எங்கட தோழர் மாதிரி ஒரு சொல். வீட்ட வந்து ரெண்டு மூண்டு இரவு போனில தேடித்தேடி வாசிச்சன், அவரை வாசிச்சாப்பிறகுதான் இந்த மேசை ஏன் இப்பிடி நடக்குது எண்டு எனக்கு விளங்கினது.

1922ல பிறந்த ஆள். சட்டப் படிப்பை முடிக்காமலே, உச்ச நீதிமன்றத்தின்ர விசேட அனுமதியோட பரீட்சை எழுதி 1944ல முதலாம் இடம் எடுத்தவர். பிறகு நீதி அமைச்சர், 1962ல ஸ்டோன்ஹில் எண்ட பெரிய அமெரிக்கப் பணக்காரன்ர கொம்பனியளில சோதனை போட்டு, அதாலயே பதவி போச்சுது. இதில ஒண்டு இருக்கு, அவரைப் புகழுற ஆக்கள் கனக்கச் சொல்லாத விசயம், அந்தச் சோதனைக்கு எடுத்த பிடியாணையள் சட்டப்படி பிழை எண்டு அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1967ல தீர்ப்புக் குடுத்தது, வழக்கின்ர பேரிலயே அவர்தான் எதிராளி, ஸ்டோன்ஹில் எதிர் டியோக்னோ. என்ன தேடுறம் எண்டு சரியாச் சொல்லாமல் வீட்டுக்குள்ள பூந்து எடுத்த கடதாசி சாட்சியாகாது எண்டு அண்டைக்குச் சொன்னது இண்டைக்கும் அங்க சாதாரண சனத்தைக் காப்பாத்துது. ஒரு நல்ல மனுசன், நல்ல நோக்கத்தோட, பிழையான வழியில செய்தது. அதை மறைக்காமல் சொன்னதால எனக்கு அந்த அக்காவில இன்னும் நம்பிக்கை வந்தது.

1963ல செனற்றர், எண்டா அவையின்ர பாராளுமன்ற மேல்சபை உறுப்பினர், 1969ல திரும்பவும். 1972 செப்ரெம்பரில ஜனாதிபதி மார்க்கோஸ் ராணுவச் சட்டம் போட்ட கையோட வீட்டில வந்து பிடிச்சுக்கொண்டு போனவை, வழக்கு ஒண்டும் போடாமல் ரெண்டு வருசம் கிட்ட உள்ள. இடையில 1973ல அவரையும் நினோய் அக்கினோ எண்ட இன்னொரு எதிர்க்கட்சி செனற்றரையும் கண்ணைக் கட்டி ஹெலியில ஏத்தி வேற படைமுகாமுக்குக் கொண்டுபோய்த் தனித்தனி அறையில போட்டவை, எங்க எண்டு வீட்டாக்களுக்குச் சொல்லேல்லை. அக்கா இதைச் சொல்லேக்கை மண்டபத்தில ஒரு சத்தமும் இல்லை. எனக்கு முன்னால இருந்த ஒரு அம்மா கிளிநொச்சியில கந்தசுவாமி கோயிலடியில 2017 மாசி மாசம் துடங்கின, காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர வீட்டாக்கள் செய்யிற போராட்டத்தில முதல் நாளில இருந்து இருந்தவ, மடியில மகன்ர படம். "அவையின்ர ஆக்களுக்குப் பிறகெண்டாலும் சொன்னவையோ பிள்ளை?" எண்டு கேட்டவ. "ஓம் அம்மா, பிறகு போய்ப் பாக்க விட்டவை" எண்டு அக்கா சொன்னவ. அந்த அம்மா தலையை ஆட்டினவ, வேற ஒண்டும் கேக்கேல்லை.

1974 செப்ரெம்பரில விட்ட உடன, அந்த வருசமே, தஞ்ஞாடா எண்ட முதிய செனற்றரோடயும் ஜோக்கர் அரோயோ எண்ட லோயரோடயும் சேந்து இலவச சட்ட உதவிக் குழுவைத் துடங்கினவர், இப்பவும் இருக்கு. அவர் சொன்ன முறை என்னெண்டா, வழக்கை மட்டும் எடுத்து நடத்திக் குடுத்துப்போட்டுப் போறது காணாது, ஏழைச் சனம் தன்ர உரிமையைத் தானே விளங்கி, சேந்து நிக்கப் பழகோணும், அதுக்குத்தான் லோயர். பத்து நிமிசக் கதையும், அம்மாவின்ர கையில குடுத்த தாளும், சிங்களக் கடிதத்தை வாசிச்சுக் காட்டுறதும் எல்லாம் அதுதான்.

1986ல மார்க்கோஸ் போக, புது ஜனாதிபதியா வந்த நினோயின்ர மனுசி கோரி அக்கினோ அவரை மனித உரிமைக் குழுவுக்குத் தலைவராப் போட்டவ, கிளர்ச்சிக்காரரோட பேச்சுவார்த்தைக்கும் அவர்தான். 1987 ஜனவரி 22, காணிச் சீர்திருத்தம் கேட்டு மணிலாவில மெண்டியோலாவில ஊர்வலம் போன கமக்காரரைப் படையள் சுட்டு, குறைஞ்சது 12 பேர் செத்தவை. புற்றுநோயோட படுக்கையில கிடந்த மனுசன், தான் கொண்டுவந்த அரசாங்கம் எண்டு பாக்காமல் ரெண்டு பதவியையும் விட்டவர். அடுத்த மாசம் 27ஆம் திகதி செத்திட்டார், 65 வயசு முடிஞ்சு ஒரே ஒரு நாள்.

மகன் செல் டியோக்னோ. அப்பாவைப் பிடிக்கேக்கை அவருக்கு 11 வயசு. அவரும் லோயர், சட்டக் கல்லூரியில பீடாதிபதியா இருந்து, அப்பாவின்ர குழுவுக்கும் தலைவரா இருந்தவர், டுட்டேர்ட்டே ஜனாதிபதியா இருந்த காலத்தில போதைப்பொருள் எண்டு சொல்லி நடந்த கொலையளுக்கு எதிரா அந்தக் குழு 2017ல வழக்குப் போட, 2018ல நீதிமன்றம் பதிவுகளைத் தரச்சொல்லி அரசாங்கத்துக்குக் கட்டளை போட்டது. 2019ல செனற் கேட்டுத் தோத்தவர். அவையின்ர அணியில எட்டுப்பேரும் தோல்வி. 2020ல கொரோனா நேரம், அரசாங்கத்தைப் பற்றி முகநூலில எழுதினதுக்கு விசாரணைக்குக் கூப்பிட்ட ஆக்களுக்கு நான் சும்மா வந்து நிக்கிறன் எண்டு சொன்னது இந்தத் தோத்த ஆள்தான். 2022ல திரும்பக் கேட்டுத் திரும்பத் தோல்வி. 2025 மே 12 தேர்தலில அக்பயான் எண்ட கட்சிப் பட்டியலில நிண்டு, அந்தப் பட்டியல் நாட்டிலயே கூட வாக்கெடுத்து, பாராளுமன்றம் போயிருக்கிறார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுறன் எண்டா, எங்களுக்கு அதே மே மாசம் 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. எங்கட பக்கம் படிச்ச ஆக்கள், லோயர்மார், கனபேர் வாக்குக் கேட்டு வந்திருக்கினம், தோத்தா அடுத்த நாள் போன் எடுக்க மாட்டினம், வெண்டாலும் எடுக்க மாட்டினம். மாகாணசபை 2018ல முடிஞ்சது, திரும்ப எலக்சன் எண்டு கதை வந்தா இந்த ரெண்டு அக்காவில ஒராள் கேப்பா எண்டு சனம் இப்பவே கதைக்குது. அதால மூண்டாம் தரம் போகேக்கை நேரவே கேட்டன், "அக்கா, நீங்கள் எலக்சன் கேட்டா இந்த மேசை என்னாகும்?" கோவிக்கேல்லை. "கேக்கிறதோ இல்லையோ எண்டு இன்னும் முடிவெடுக்கேல்லை தங்கச்சி, கேட்டா அந்த நாளில இருந்து எலக்சன் முடியுமட்டும் நான் இந்த மேசையில இருக்க மாட்டன், வேற லோயர் இருப்பா, வாக்குக்காகச் செய்தது எண்டு வரக்கூடாது, முடிஞ்ச அடுத்த சனி வென்றாலும் தோத்தாலும் வருவன்" எண்டவ. இதை இங்க எழுதலாமோ எண்டு கேட்டன், எழுதுங்கோ, அப்பதான் எனக்கும் பொறுப்பு எண்டவ. அதால எழுதியிருக்கு.

குறையளையும் சொல்லோணும். பெரிய குறை, மறைவு இல்லை. ஒரே மண்டபம், ரெண்டு மேசை, நடுவில ஒரு துணி கூட இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின்ர கதை, வீட்டுக்குள்ள அடி வாங்கிற கதை எல்லாம் கதிரையில இருக்கிற 20 பேருக்கும் கேக்குது. ரெண்டாம் தரம் ஒரு தங்கச்சி மேசைக்குப் போய்ச் சுத்திப் பாத்திட்டு "பிறகு வாறன்" எண்டு எழும்பிப் போட்டா, எனக்கு அது இன்னும் மனசுக்க நிக்குது. ரெண்டு கிடுகுத் தட்டியெண்டாலும் மறிச்சு விடலாம், ஊர்ச்சனம் நாங்களே கட்டித் தருவம் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறன், ஓமெண்டு சொன்னவை. அடுத்தது படி. மூண்டு படி, கைபிடி இல்லை. கால் இல்லாத ஆக்கள், சக்கரக் கதிரையில வாற ஆக்கள் எங்கட ஊரில எத்தினை பேர் எண்டு எல்லாருக்கும் தெரியும், அவையைத் தூக்கித்தான் ஏத்தினம், தூக்கேக்கை அவையின்ர முகத்தைப் பாக்கேலாது. லோயர் வெளியில இறங்கிவந்து மரத்துக்குக் கீழ இருந்து கதைக்கிறதையும் கண்டனான், அது நல்லது, ஆனா சரிவுப்பாதை ஒண்டு கட்டத்தான் வேணும். கக்கூசுக்குத் தண்ணி வாளியில அள்ளோணும்.

போற ஆக்களுக்கு: அடையாள அட்டை, செத்த ஆக்கள் இருந்தா மரணச் சான்றிதழ், வந்த கடிதம் எல்லாம், கிழிஞ்சது நனைஞ்சது எண்டு விடாமல் கொண்டு போங்கோ, எங்கட அலுவலில உதவினது 1994 எண்டு திகதி போட்ட, பாதி எழுத்து அழிஞ்ச ஒரு தண்ணி வரி ரசீதுதான். பிள்ளையளோட போனா சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கோ, பக்கத்தில கடை ஒண்டுதான், பகல் பணிஸ் முடிஞ்சிடும்.

நான் 5க்கு 4 குடுக்கிறன், தட்டி கட்டினாப்பிறகு வந்து மாத்திவிடுறன். எங்கட விண்ணப்பம் போன கிழமை காணிக் கிளையில குடுத்தாச்சு, அம்மா தன்ர கையால குடுத்து, ரசீது கேட்டு வாங்கினவ. இத்தினை வருசத்தில ரசீது கேட்டு வாங்கினது இதுதான் முதல் தரம், கேக்கலாம் எண்டு அந்தத் தாளில ரெண்டாவது வரியில எழுதியிருந்தது.