கிங்ஸ்டனா, குருஷியலா, கோர்சேரா? அலுவலகக் கணினிக்கான ரேம்

எங்கள் அச்சகத்தின் வடிவமைப்புப் பிரிவில் இருக்கும் மேசைக் கணினிகள் எல்லாம் டிடிஆர்4 என்ற முந்தைய தலைமுறை ரேமை ஏற்கும் பழைய மதர்போர்டுகளைக் கொண்டவை. புத்தகங்களின் பக்கங்களை வடிவமைக்கவும் பெரிய படங்களைத் திருத்தவும் 8 ஜிபி போதாமல் போனதால், ஒவ்வொன்றிலும் பழையதைக் கழற்றிவிட்டு 16 ஜிபி ஸ்டிக் (ரேம் சிப்புகள் பதித்த நீள அட்டை) ஒன்றைப் போட்டு, பணம் சேரும்போது இன்னொன்றைச் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். கிங்ஸ்டனின் வேல்யூரேம், மைக்ரானின் குருஷியல், கோர்சேரின் வெஞ்சென்ஸ் எல்பிஎக்ஸ் ஆகிய மூன்றும் கடைசிவரை பரிசீலனையில் இருந்தன. நான் வாங்கியது கிங்ஸ்டன்; அதன் பக்கமே சாய்ந்து எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றுமே 3200 வேகத்தில் (நொடிக்கு 3200 மில்லியன் தரவுப் பரிமாற்றங்கள்) கிடைத்தன; மூன்றுக்குமே நிபந்தனைகளோடு கூடிய ஆயுட்கால உத்தரவாதம் உண்டு. விலை வித்தியாசம் வாரத்துக்கு வாரம் மாறுவதால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

கோர்சேரைத் தவிர்க்க எனக்கு ஒரே காரணம்தான் இருந்தது. வெஞ்சென்ஸ் எல்பிஎக்ஸ் 3200-இன் பிரபலமான சிஎல்16 வகை (சிஎல் என்பது தரவைக் கேட்டபின் அது வரும்வரை ஆகும் தாமதத்தின் அளவு), பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தை எட்ட வேண்டுமானால் பயாஸில் (கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை நிரல்) எக்ஸ்எம்பி என்ற வேகக்கூட்டல் அமைப்பை இயக்கி, மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து 1.35 வோல்ட்டுக்கு உயர்த்த வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் அது, ரேம் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை வேகங்களில் ஒன்றான 2133-இலேயே ஓடும். பெரிய நிறுவனங்கள் அலுவலகங்களுக்கென்று விற்கும் கணினிகள் பலவற்றின் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற தேர்வே இருப்பதில்லை. வேல்யூரேமும் குருஷியலின் சாதாரண ஸ்டிக்கும் 1.2 வோல்ட்டில், எந்த அமைப்பையும் தொடாமல், பிராசஸரும் மதர்போர்டும் அனுமதித்தால் நேராக 3200-இல் ஓடுகின்றன. அவற்றின் லேட்டென்சி (அந்தத் தாமதம்) சிஎல்22, அதாவது 13.75 நானோவினாடி, எக்ஸ்எம்பி இயங்கும் கோர்சேருக்கு 10 நானோவினாடி. விளையாட்டுக்கென்று கணினி கட்டுபவருக்கு இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது என்பதால் அவருக்கு நான் கோர்சேரையே சொல்வேன். எங்கள் வேலைக்குக் கொள்ளளவுதான் முக்கியம்.

குருஷியலை விடுவது எனக்கு எளிதாக இருக்கவில்லை. உலகில் ரேமுக்கான டிராம் சிப்புகளைப் பெருமளவில் தயாரிக்கும் நிறுவனங்களில் முன்னணியில் இருப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே. குருஷியல் மைக்ரானின் சொந்தப் பெயர் என்பதால், சிப்பைச் செய்தவரே ஸ்டிக்கையும் விற்கிறார் என்ற உறுதி அதில் இருந்தது. 1987-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கிங்ஸ்டனோ சிப்புகளைப் பிறரிடம் வாங்கி ஸ்டிக்காக்கும் நிறுவனம். ஆனால் 2025 டிசம்பரில், தரவு மையங்களின் தேவைக்கு முன்னுரிமை தருவதற்காகக் குருஷியல் நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாகவும், கடைகளுக்கான விநியோகம் 2026 பிப்ரவரி வரை மட்டுமே தொடரும் என்றும் மைக்ரான் அறிவித்தது. விற்ற பொருள்களுக்கான உத்தரவாதச் சேவை தொடரும் என்றும் அது சொல்லியிருக்கிறது. அதை நம்பாமலிருக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. இருந்தாலும், இரண்டாவது ஸ்டிக்கைப் பின்னால் வாங்கப்போகும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த அறிவிப்பு கணக்கை மாற்றிவிட்டது.

என் முடிவைத் தீர்மானித்தது அந்த இரண்டாவது ஸ்டிக்தான். ஒற்றை ஸ்டிக் ஒரே சேனலில் (பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான தரவுப் பாதை), 64 பிட் அகலத்தில், உச்ச அளவாக நொடிக்கு 25.6 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டாவதை உரிய ஸ்லாட்டில் போட்டால் இரு சேனல்களும் சேர்ந்து இயங்கி அந்த வரம்பு 51.2 ஜிபி ஆகும். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் இந்தப் பலன் கண்ணுக்குத் தெரியும். ஆகவே, இன்று ஒன்று வாங்குபவர் ஈராண்டு கழித்து அதன் இணையைத் தேடி வரத்தான் போகிறார். அப்போது கடைக்காரரிடம் "16 ஜிபி, 3200" என்று கேட்டால் மட்டும் போதாது. 8 கிகாபிட் சிப்புகளால் ஆன 16 ஜிபி ஸ்டிக்கில் 16 சிப்புகள் இரண்டு ரேங்குகளாக (சேர்ந்து இயங்கும் சிப்புக் குழுக்களாக) இருக்கும். 16 கிகாபிட் சிப்புகளால் ஆனதில் 8 சிப்புகள் ஒரே ரேங்காக இருக்கும். இரண்டையும் கலந்து போட்டாலும் பெரும்பாலான மதர்போர்டுகள் இரண்டுக்கும் பொதுவான நிதான வேகத்தைத் தேர்ந்து ஓட்டிவிடும். ஆனால் எல்லா மதர்போர்டும் அப்படிப் பொறுத்துப்போவதில்லை. நான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தின் இரண்டு ஸ்டிக்குகள், பெட்டியில் ஒரே விவரம் அச்சிட்டிருந்தும் உள்ளே வேறு வேறு அமைப்பில் இருந்ததால், கணினி சாதாரணமாகத் தொடங்கிவிட்டுப் பெரிய பிடிஎப் கோப்பை உருவாக்கும் வேளையில் மட்டும் உறைந்து நின்றது. இரண்டில் எதைத் தனியாகப் போட்டாலும் குறையே தெரியாததால், பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் வேல்யூரேமின் பாக எண் கைகொடுக்கிறது. கேவிஆர்32என்22டி8/16 என்ற எண்ணில் 32 என்பது 3200 வேகம், 22 என்பது லேட்டென்சி, டி என்பது இரட்டை ரேங்க், 8 என்பது ஒவ்வொரு சிப்பின் பிட் அகலம், கடைசி 16 கொள்ளளவு. டி இருக்கும் இடத்தில் எஸ் இருந்தால் ஒற்றை ரேங்க். இன்னும் சில ஆண்டுகள் கழித்துக் கடைக்குப் போனாலும், இந்த எண்ணை எழுத்து மாறாமல் கேட்டு வாங்கினால் ரேங்க் பொருந்திவிடும். குருஷியலின் முந்தைய எண்களிலும் இந்த விவரம் இருந்தது. பிற்பாடு வந்த 16 ஜிபி ஸ்டிக்கின் எண்ணில் அது நேரடியாகத் தெரிவதில்லை, லேபிளில் எண்ணுக்குப் பின்னால் வரும் கூடுதல் குறியைத்தான் பார்க்க வேண்டும்.

கிங்ஸ்டனிடமும் இதில் ஒரு போதாமை உண்டு. ஒரே பாக எண்ணுக்குள் ஒரு முறை ஒரு நிறுவனத்தின் சிப்பும் மறுமுறை வேறொன்றின் சிப்பும் வரக்கூடும். இரண்டு ஸ்டிக்கிலும் ஒரே நிறுவனத்தின் சிப்தான் வேண்டும் என்பவருக்கு வேல்யூரேம் அந்த உறுதியைத் தராது. 1.2 வோல்ட்டிலேயே நிதான அமைப்பில் ஓடும் ஸ்டிக்குகளில் சிப்பின் பெயர் மாறுவதால் எனக்கு இதுவரை தொல்லை வந்ததில்லை. ஆனால் நான் பார்த்தவை ஓர் அலுவலகத்தின் கணினிகள் மட்டுமே.

இரண்டு ஸ்டிக்குகளையும் இன்றே சேர்த்து வாங்க வசதி இருப்பவருக்கு என் வாதத்தின் பெரும்பகுதி பொருந்தாது. இரண்டு ஸ்டிக்குகள் சேர்ந்த பெட்டியாக வருபவை ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துச் சோதிக்கப்பட்டவை. எக்ஸ்எம்பி உள்ள மதர்போர்டானால் கோர்சேர் பெட்டி அங்கே நல்ல தேர்வு. உற்பத்தியாளர்கள் டிடிஆர்4-ஐக் குறைத்துக்கொண்டு வேறு வகைகளுக்கு மாறியதால் 2025-இல் விலை ஏறியதைப் பார்க்கும்போது, தள்ளிப்போடாமல் வாங்குவதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த தலைமுறையான டிடிஆர்5-இல் எனக்கு அனுபவம் குறைவு. அதில் மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் சிப் ஸ்டிக்கிலேயே இருக்கிறது, ஒவ்வொரு ஸ்டிக்கும் இரண்டு துணைச் சேனல்களாகப் பிரிந்து இயங்குகிறது. ஆகையால் இங்கே சொன்னதை அப்படியே அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

எந்த நிறுவனத்துடையதை வாங்கினாலும், மாட்டிய அன்று இரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை முழுச் சுற்று ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ஸ்டிக்கை மாற்றித் தரச் சொல்லுங்கள். லேபிளில் உள்ள பாக எண்ணைப் பில்லின் பின்புறம் எழுதி, கணினியின் பிற தாள்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.